இதில் குணசேகரனுடையது எது?

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சேலத்துக் குணசேகரனின் ஆம்பைத் துடைத்து, பஸ்ஸில் வந்து இறங்கும் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கொல்லிமலையில், அரியூர் நாடு என்கிற பகுதியில் மிளகு விவசாயம் பார்ப்பவன். மீதி நேரத்தில் ஹெட்போன் பற்றி எழுதுகிறவன். இதில் எது மீதி நேரம் என்பதில் எனக்கும் என் மனைவி சரசுவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

ஆம்ப் என்றதும் கல்யாண வீட்டு மைக்செட் பெட்டியை நினைத்துவிட வேண்டாம். இது சோப்புக்கட்டி அளவில் ஒரு டப்பா. போனுக்கும் பெரிய ஹெட்போனுக்கும் நடுவில் செருகினால் பாட்டு தெம்பாகக் கேட்கும். போனில் நேராகச் செருகிக் கேட்பது தண்ணீர் கூடிப்போன மோர் மாதிரி என்று ஒருமுறை எழுதியிருந்தேன். பலர் ஆமோதித்தீர்கள்.

என்னிடம் இருப்பது அந்த ஆம்பின் முதல் தலைமுறை. சில வருஷமாக என்னோடு இருக்கிறது. மிளகு பறிக்க ஏணியில் ஏறும்போது துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொள்வேன். கீறல் விழக்கூடாது என்று நானே துணியில் உறை தைத்து வைத்திருக்கிறேன். "எம்பட கண்ணாடிக்கு ஒரு உறை தெச்சுக் குடுத்திருப்பீங்களா" என்று சரசு கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. அதனால் பதில் சொல்வதில்லை.

இந்த வருஷம் அதே கம்பெனி இரண்டாம் தலைமுறையை வெளியிட்டது. உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்களாம். வெளியே எதையும் மாற்றவில்லை. அதே கறுப்பு, அதே திருகு, அதே துளைகள். அடியில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டில் மட்டும் ஒன்றுக்குப் பதில் இரண்டு என்று போட்டிருக்கும்.

குணசேகரன் சேலத்தில் டயர் கடை வைத்திருக்கிறார். நான் எழுதுவதையெல்லாம் படிப்பவர். படிப்பதோடு நிற்காமல் நம்புகிறவர். புதியதை வாங்கியவர் அதில் ஒரு பாட்டுக்கூடக் கேட்காமல், பெட்டியைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, ஆம்பை மட்டும் நியூஸ்பேப்பரில் சுற்றிப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். நான் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டு எழுத வேண்டுமாம். அதைப் படித்த பிறகுதான் அவர் கேட்பாராம். இப்படி ஒருவர் நம்பினால் மனிதனுக்குப் பயம் வர வேண்டும். எனக்கு வந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த உடனே சரசு அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் பொட்டு. மிக்ஸிக்கு வைத்தாள், மருந்தடிக்கிற மெஷினுக்கு வைத்தாள், கேஸ் சிலிண்டர் வரும்போதெல்லாம் வைக்கிறாள். இது அடுத்தவர் பொருள் என்று சொன்னேன். யாருதா இருந்தா என்ன, புதுசுதானுங்களே என்றாள். போட்டோ எடுக்கும்போது நான் அதைத் துடைத்துவிட்டேன். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எனக்கு என் மேலேயே அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டு நாலு அடி வைத்ததும் பூட்டினோமா என்று யோசிக்கிறவன் நான். புதியது எது என்று கண்ணுக்குத் தெரிந்தால், காது அதற்கு ஒத்து ஊதும். ஐம்பதைத் தாண்டியவனின் காது வேறு. அதனால் இரண்டு ஆம்பையும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, அடியிலிருந்த சீட்டையும் மறைத்துவிட்டேன். தனக்கு அடையாளம் தெரிவதற்காகப் புதியதில் மட்டும் சரசு ஒரு நூல் கட்டிக்கொண்டாள்.

சோதனை நடந்தது அடுப்படியில். நான் கண்ணை மூடிக்கொண்டு மணையில் உட்காருவேன். சரசு ஏதாவது ஒன்றைச் செருகிக் கொடுப்பாள். நான் கேட்டுவிட்டுப் பழசு, புதுசு என்று சொல்வேன். அவள் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் தினமும் நடந்தது. ஒருமுறைகூட நான் தவறவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் ஒரு விஷயமாவது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறதே என்று தோன்றியது.

அந்தத் தெம்பில்தான் போன வாரப் பதிவை எழுதினேன். படித்திருப்பீர்கள். பழையதில் பாட்டு நனைந்த சாக்கு மாதிரி கொஞ்சம் கனத்துக் கிடக்கிறது என்றும், புதியதில் அரியூர்ப் பள்ளத்தில் காலைப் பனி விலகி ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிவது போல இருக்கிறது என்றும் எழுதியிருந்தேன். பல்லவிக்கு முன்னால் பாடகர் மெல்ல மூச்சு இழுப்பது புதியதில் மட்டும் கேட்கிறது என்றும் எழுதினேன். குணசேகரன் அதை மூன்று பேருக்கு அனுப்பியதாகச் சொன்னார்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

காலையில் குணசேகரன் பஸ்ஸிலிருந்தே போன் பண்ணிவிட்டார். கிளம்பிவிட்டாராம். எங்கள் சந்தை ஊரான சோளக்காட்டில் இறங்கி, ஆம்பை வாங்கிக்கொண்டு, மலைவாழைப்பழம் ஒரு தார் எடுத்துக்கொண்டு, அதே பஸ் திரும்பும்போது ஏறிவிடுவாராம். நான் டேப்பைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

தை மாதத்தில் மலை எப்படியிருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். தலையணைகூட நமுத்துப் போயிருக்கும். சீட்டின் பசை மட்டும் தாங்குமா? டேப்பை இழுத்தேன். சீட்டும் கூடவே வந்தது. அடடா என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொன்றை மெதுவாக இழுத்தேன். அதுவும் வந்தது. இரண்டு சீட்டும் டேப்பிலேயே ஒட்டிக்கொண்டு, பிரித்துப் பார்த்தால் கூழாகக் கிழிந்தன.

அப்போதும் பதற்றம் இல்லை. பிரிக்கும் முன்பே ஒருமுறை காதால் கேட்டு இரண்டையும் பக்கம் பிரித்து வைத்திருந்தேன். முழங்காலுக்கு இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. ஆம்பில் பிசுபிசுவென்று பசை இருந்தது. அடுத்தவர் பொருளை இப்படியா கொடுப்பது? சரசுவைக் கூப்பிட்டு, கொஞ்சம் பசை போகத் துடைத்துக் கொடு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் இரண்டும் பளபளவென்று பக்கத்தில் பக்கத்தில் முறத்தில் இருந்தன. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாளாம். பசை சுத்தமாகப் போய்விட்டது. அவள் வேலையில் குறை சொல்லவே முடியாது.

எது புதுசு என்று கேட்டேன்.

உங்களுக்குத்தான் கேட்டாலே தெரியுமே என்று சொல்லிவிட்டு அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அதுவும் சரிதான். இதற்கா கவலைப்படுவது என்று ஹெட்போனை மாட்டினேன். முதலில் ஒன்றைச் செருகினேன். பனி விலகியது. சரி, இதுதான் புதியது. உறுதிக்காக இன்னொன்றைச் செருகினேன். அதிலும் பனி விலகியது.

மறுபடி முதலாவது. இப்போது நனைந்த சாக்கு. இரண்டாவது. அதுவும் சாக்கு.

வேறு வழியில்லாமல் போனைத் திறந்து என் பதிவை எடுத்துப் படித்தேன். என்ன கேட்க வேண்டும் என்று என்னிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. பாடகரின் மூச்சைக் கவனி என்று நான் எழுதியிருந்தேன். கவனித்தேன். முதலாவதில் மூச்சு கேட்டது. இரண்டாவதிலும் கேட்டது. பாட்டை நிறுத்தினேன். அப்போதும் கேட்டது.

அது என்னுடைய மூச்சு.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். பிறகு நூலின் நினைவு வந்தது. தொழுவத்துக்கு ஓடினேன். சரசு, நீ புதுசுல நூல் கட்டியிருந்தியே, பிரிக்கும்போது நூல் எதில் இருந்தது, எனக்குக் கவனமில்லையே என்றேன்.

நூல் முதல் நாளே அவிழ்ந்துவிட்டது என்றாள்.

அப்புறம் ஒரு வாரமாகச் சரி, சரி என்று எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"களி கிண்டற நேரத்துல வந்து உக்காந்துக்கறீங்க. துடுப்ப உட்டா கட்டி தட்டிக்கும். கைக்குக் கெடைச்சதக் குடுத்தனுங்க. நீங்க சொன்னதுக்கெல்லாம் சரின்னனுங்க."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் வேறு எதற்கெல்லாம் களி கிண்டிக்கொண்டே சரி என்று சொன்னாளோ என்ற யோசனை வந்தது. அதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தேன். பஸ் மலை ஏறிக்கொண்டிருந்தது.

இங்கே உங்களில் சிலர், திருகைக் கழற்றி உள்ளே பார்ப்பதுதானே என்று கேட்பீர்கள். நட்சத்திரத் தலைத் திருகு. என்னிடம் அதற்கான ஸ்க்ரூ டிரைவர் இல்லை. இருந்தாலும், கழற்றினால் குணசேகரனுக்கு வாரண்டி போய்விடும். இன்னும் சிலர் பேட்டரியைச் சொல்வீர்கள். சரிதான். என் பழையதின் பேட்டரி களைத்துப் போனது. காலையில் போட்டால் மதியச் சோற்றுக்கு முன்னால் படுத்துவிடும். புதியது நாள் முழுக்கப் பாடும். ஆனால் முந்தின நாள் காற்றில் கரண்ட் போய், இரண்டையும் நான் சார்ஜ் போடவில்லை. எதில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. எது முதலில் தீர்கிறது என்று பார்ப்பதற்கு, கடைசிக் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸை நிறுத்தி வைக்கவா முடியும்?

என் முகத்தைப் பார்த்துச் சரசுவே ஒரு வழி சொன்னாள். பொட்டு. புதுசுக்குப் பொட்டு வைத்தாளே. நான் மேலாகத்தான் துடைத்திருப்பேன். எண்ணெய்த் துணியும் மேலாகத்தான் போயிருக்கும். திருகுப் பள்ளத்தில் குங்குமம் ஒட்டியிருக்கும்.

அவளைக் கும்பிடலாம் போலிருந்தது. டார்ச் அடித்து, ஊசியால் பள்ளத்தைச் சுரண்டினேன். சிவப்பாக ஒரு துளி வந்தது. கிடைத்துவிட்டது. இருந்தாலும் நான்தான் பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்க்கிறவனாயிற்றே. இன்னொன்றின் பள்ளத்தையும் சுரண்டினேன்.

அதிலும் குங்குமம்.

"ஆயுத பூசைக்கு வெச்சனுங்க" என்றாள் சரசு. "அருவா, மம்பட்டி எல்லாத்துக்கும் வெக்கறப்ப, நீங்க இடுப்புல கட்டிக்கிட்டு மரமேறறீங்களே, அதுவும் ஆயுதம்தானேன்னு வெச்சேன்."

அவளுடைய நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. உதவவில்லை.

இரண்டையும் சட்டைப் பையில் ஒவ்வொரு பக்கமும் போட்டுக்கொண்டு சோளக்காட்டுக்கு வண்டியை விட்டேன். வழியில்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது. புதியதில் பேட்டரி பெரியது, அதனால் பழையதைவிடக் கொஞ்சம் கனம் அதிகம் என்று கம்பெனி போட்டிருந்தது. சோளக்காட்டில் தராசுக்கா பஞ்சம்?

என் மிளகை எடுக்கும் செல்லமுத்து அண்ணன் கடையில் மூட்டைத் தராசு ஒன்றும், டூரிஸ்டுகளுக்குப் பாக்கெட் போடச் சில்லறைத் தராசு ஒன்றும் உண்டு. மூட்டைத் தராசு என் சோப்புக்கட்டிகளை மதிக்கவே இல்லை. வைத்தாலும் பூஜ்ஜியம், எடுத்தாலும் பூஜ்ஜியம். சில்லறைத் தராசு மதித்தது. ஆனால் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டியது. மாற்றி வைத்தாலும் அதே எண். அதற்குக் கீழே அது பிரித்துச் சொல்லாதாம். மிளகில் அந்த அளவு வித்தியாசம் பார்த்தால் ஏவாரம் பண்ண முடியுமா தம்பி என்றார் அண்ணன்.

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சோளக்காட்டில் தராசைச் சுற்றி நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் தானாக வருவார். இது என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். இதை வைத்தால் சத்தம் கூடுமா என்று ஒருவர் கேட்டார். கூடுவது முக்கியமில்லை, தெளிவாகும் என்றேன். எப்படித் தெளிவாகும் என்றார். காலையில் பனி விலகினால் எப்படி இருக்கும், அப்படி என்றேன்.

"மொளகு காயும்" என்றார் செல்லமுத்து அண்ணன்.

தராசு கைவிட்டதும் அண்ணன் தன் முறையில் இறங்கினார். ஆளுக்கு ஆள் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக வைத்துத் தூக்கிப் பார்ப்பது. பலாப்பழத்தையே கையில் ஏந்தி நிறை சொல்கிற ஆட்கள், இதைச் சொல்ல மாட்டார்களா? வாழைப்பழம் விற்கும் அக்கா இடது கையிலிருந்தது கனம் என்றார். ஜீப் டிரைவர் வலது என்றார். அண்ணன் இடது. ஒரு பெரியவர் நீண்ட நேரம் கண்ணை மூடிப் பிடித்திருந்துவிட்டு வலது என்றார். கடைசியில் சரிபாதியாக நின்றது. எனக்கு ஒரு ஆறுதல். காதால் கண்டுபிடிக்க முடியாதது என் தனிப்பட்ட குறை இல்லை, கையாலும் முடியவில்லை.

அப்போது பஸ் ஹாரன் கேட்டது.

குணசேகரன் இறங்கி வரும் அந்தச் சிறு தூரத்தில் நான் யோசித்ததை எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். கையில் அகப்பட்டதைக் கொடுத்துவிடலாம். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். தப்பாக இருந்தால், என்னை நம்பிக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்ட மனிதரின் புதுப்பொருளை நான் அமுக்கிக்கொண்டு, களைத்த பேட்டரியைக் கொடுத்தவன் ஆவேன். உண்மையைச் சொன்னால், பனி, மரம், மூச்சு எல்லாம் போய்விடும். இத்தனை வருஷம் எழுதியதும் கூடவே போய்விடும். எது பெரிய நஷ்டம்? ஆம்பா, பெயரா? அவர் கிட்டே வந்து கும்பிட்டார். நான் சொல்லிவிட்டேன்.

டேப், சீட்டு, எண்ணெய், களி, பொட்டு, தராசு எல்லாம் சொன்னேன். மூச்சையும் விடவில்லை. உங்களுடையது எது என்று எனக்குத் தெரியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

குணசேகரன் சிரித்தார். கோபத்தின் சாயலே இல்லை.

"இதுக்கா சார் இப்படி வேர்த்துப் போய் நிக்கறீங்க? நீங்க எழுதுனத நான் மனப்பாடமா வெச்சிருக்கறனுங்க. குடுங்க இப்படி."

மிளகு மூட்டை மேல் உட்கார்ந்தார். என் ஹெட்போனை மாட்டினார். கண்ணை மூடினார். கடையில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பஸ் டிரைவர்கூட டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குணசேகரன் முதலாவதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். இரண்டாவதைக் கேட்டார். முகம் மெல்ல மலர்ந்தது.

"இதுதானுங்க சார். பனி வெலகுது."

அது சற்று முன் இடது கையில் இருந்தது. அக்காவும் செல்லமுத்து அண்ணனும் மற்றவர்களை வென்ற முகத்தோடு பார்த்தார்கள். குணசேகரன் வாழைத்தாரையும் ஆம்பையும் எடுத்துக்கொண்டு, கையசைத்துவிட்டு பஸ் ஏறினார். எனக்கு மலை இறங்கிய மாதிரி இருந்தது. என் காதுக்குத் தெரியாவிட்டால் என்ன, என் எழுத்துக்குத் தெரிந்திருக்கிறது என்று பெருமைகூட வந்தது. அந்தப் பெருமை ஒரு ராத்திரி தாங்கியது.

மறுநாள் காலை, ராத்திரியே சார்ஜ் ஏற்றி வைத்திருந்த என் ஆம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணி ஏறினேன். பாட்டுப் பாடியது. மதியச் சோற்றுக்கு இறங்கினேன். பாடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு அடுத்த மரம். பாடியது. பொழுது சாய்ந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோதும் அது சற்றும் களைக்காமல் பாடிக்கொண்டே வந்தது. எனக்குத்தான் கால் களைத்துவிட்டது.

என் இடுப்பில் இருந்தது குணசேகரனுடையது.

உடனே போன் பண்ணினேன். பேட்டரி விஷயத்தைச் சொன்னேன். உங்களிடம் இருப்பது பழையது, மதியத்துக்கு முன்பே நின்றிருக்குமே என்றேன். ஆமாம், நின்றது என்றார். பார்த்தீர்களா என்றேன். புது மெஷின் ஓடி ஓடித்தானே பழகும், நீங்களே போன வருஷம் எழுதியிருந்தீர்களே என்றார்.

எழுதியிருந்தேன். அது வேறு ஒரு பொருளைப் பற்றி.

அவர் வாங்கியது புதியது, நியாயமாக அது அவரிடம்தான் இருக்க வேண்டும், எனக்குத் தூக்கம் வராது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பேட்டரிக்காகவா வாங்கினேன், சத்தத்துக்குத்தானே என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, வீட்டில் உடம்பு சரியில்லாதவரிடம் பேசுவது போலப் பேசினார்.

"சார், உங்க காது மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லாட்டி எப்படிங்க? எனக்கு இருக்குதுங்க."

நான் விடவில்லை. மறுநாளே என்னிடமிருந்ததை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கண்டக்டரிடம் கொடுத்து, சேலத்துக்கு அனுப்பினேன். சாயங்காலப் பஸ்ஸில் அது திரும்பி வந்தது. கேட்ட உடனே தெரிந்துவிட்டதாம். நனைந்த சாக்காம். என் பழசை நானே வைத்துக்கொள்ள வேண்டுமாம். போகும்போது பொட்டலம், வரும்போது அதோடு ஒரு டயர் கம்பெனி காலண்டர். அதே கண்டக்டர்தான். நாளைக்கும் அனுப்புவீங்களா, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல எடம் போட்டு வெக்கட்டுமா என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சரசு எதுவும் கேட்காமல் அதை வாங்கி, குங்குமச் சிமிழை எடுத்தாள்.

இதுக்கு எதுக்கு மறுபடியும் என்றேன்.

"போன தடவை வெச்சதத்தான் தொடைச்சுட்டீங்களே. இது புதுசுதானுங்களே?"

"ஆமா."

"சரிதாங்க" என்றாள். கையில் களித்துடுப்பு இல்லை. நான் பார்த்துக்கொண்டேன்.

இந்தப் பதிவைக் குணசேகரனும் படிப்பார். அவருக்காகத்தான் எழுதினேன். நேரில் சொல்லி, போனில் சொல்லி, பஸ்ஸில் அனுப்பி எதற்கும் மசியாதவர், பொதுவில் எழுதினால் மசிவார் என்று ஒரு நப்பாசை. குணசேகரன், உங்கள் ஆம்ப் இங்கே பத்திரமாக இருக்கிறது. எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். படித்துவிட்டு, சாருக்கு எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள் என்று இதையும் மூன்று பேருக்கு அனுப்புவார் என்பது தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

அதுவரை அடுத்தவர் பொருளில் பாட்டுக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான் தைத்த உறையில் போட்டு, அலமாரியில் மேல்தட்டில் வைத்துவிட்டேன். என்னுடையது சேலத்தில் டயர் கடையில் மத்தியானம் வரை பாடிக்கொண்டிருக்கிறது.

இன்று காலை ஏணி ஏறும்போது வேறு வழியில்லாமல் ஹெட்போனைப் போனிலேயே நேராகச் செருகினேன்.

பனி விலகித்தான் இருந்தது.